மாப்பிள்ளைக்கு மாணவர் சலுகை

வந்துவிட்டது. மடியில் கிடந்த போன் ஒருமுறை உதறி அடங்கியது, திருப்பிப் பார்த்தேன், ஆறு எண்கள், நாலில் தொடங்குகின்றன, பத்து நிமிடத்துக்குள் போட்டுவிட வேண்டுமாம், இதை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று கீழே ஒரு வரி. யாரிடமும் சொல்லாதீர்கள். சொல்வதற்காகத்தானே என்னைச் சனிக்கிழமை அதுவுமாக வரச்சொல்லியிருக்கிறார்கள். எதிரே சாப்பாட்டு மேசையில் மேடத்தின் லேப்டாப் திறந்திருக்கிறது, திரையில் ஆறு கட்டங்கள் வாயைப் பிளந்துகொண்டு காத்திருக்கின்றன, மேலே ஒரு பெண் முதுகில் பை மாட்டிக்கொண்டு சிரிக்கிறாள், அவள் தலைக்கு மேல் மாணவர்களுக்கு மட்டும் என்று எழுதியிருக்கிறது. "ஓடிபி வந்துச்சா செண்பகா?" அடுப்படியிலிருந்து மேடத்தின் குரல். "இன்னும் வரலை மேடம்." சொல்லிவிட்டேன். யோசித்துச் சொல்லவில்லை, வாய் தானாகச் சொன்னது, ஐந்து வருடமாக சரிங்க மேடம் சரிங்க மேடம் என்று மட்டுமே சொல்லிப் பழகிய வாய். காது மடல் சுடுகிறது. எனக்குக் கோபம் வந்தால் முதலில் காதுதான் சுடும், அப்புறம் நாக்கு போய் கடைவாய்ப் பல்லை நெருடும், அப்புறம் ஒன்றும் நடக்காது, சிரித்துவிடுவேன். இப்போதும் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறேனா? லேப்டாப் திரையின் கறுப்பு ஓரத்தில் என் முகம் தெரிகிறது. ஆமாம், சிரித்துக்கொண்டுதான் இருக்கிறேன், சனியன்.

இந்த லேப்டாப் யாருக்கு? மாப்பிள்ளைக்கு. மேடத்தின் மகள் சாகித்யாவுக்கு ஆவணியில் கல்யாணம் ஆனது, பந்தியில் வாழை இலை போட்டது முதல் வந்தவர்களுக்குத் தாம்பூலப் பை கொடுத்தது வரை நானும்தான் நின்றேன், இப்போது தலை தீபாவளி வருகிறது. மோதிரம் போடுவார்கள், பட்டு வேட்டி எடுப்பார்கள், இவர்கள் வீட்டு மாப்பிள்ளை ஹரிஹரசுதனுக்கு லேப்டாப் வேண்டுமாம். பெங்களூரில் சாஃப்ட்வேர் கம்பெனி, அவன் ஒரு மாதச் சம்பளத்தைச் சொன்னால் எங்கள் துறையில் இருக்கிற ஆராய்ச்சி மாணவர்கள் அத்தனை பேருடைய உதவித்தொகையையும் சேர்த்துக் கட்டினாலும் எட்டாது. அவனுக்கு மாணவர் சலுகை. மாப்பிள்ளை மாணவனா? இல்லை. மகள் மாணவியா? இல்லை. மேடம் மாணவியா? விலங்கியல் துறைப் பேராசிரியர் டாக்டர் கோமதிநாயகி, அடுத்த வருடம் துறைத்தலைவர் ஆகப்போகிறவர். இந்த வீட்டில் மாணவி நான் ஒருத்திதான், முப்பத்தொரு வயதில் காதோரம் நரைத்துவிட்ட மாணவி. அதனால் என் கல்லூரி ஈமெயில், என் ஐடி கார்டு, என் முகம். இப்போதுதான் ஐடி கார்டைக் கன்னத்துக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு கேமராவைப் பார்க்கச் சொன்னது அந்த இணையதளம். போலீஸ் ஸ்டேஷனில் சிலேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பவர்களைப் போல உட்கார்ந்திருந்தேன். "கொஞ்சம் சிரிம்மா, ரிஜெக்ட் பண்ணிடப் போறான்" என்றார் மேடம். சிரித்தேன். அங்கே ஒட்டிக்கொண்ட சிரிப்புதான் இன்னும் போகமாட்டேன் என்கிறது.

ஆனால் இதற்கு வழிகாட்டியது யார், நான். இந்த வாய். துறையில் யாருக்கு என்ன வாங்க வேண்டுமென்றாலும் செண்பகாவைக் கேள் என்பார்கள், எனக்கு அதில் ஒரு பெருமை வேறு. எந்தக் கடையில் கல்லூரி ஈமெயில் கொடுத்தால் விலை குறையும், புள்ளியியல் மென்பொருளை மாணவர் உரிமத்தில் எப்படி வாங்குவது, எந்த மாதம் கல்லூரி திறக்கும் காலத்துச் சலுகை வரும், அதோடு எந்த வங்கி அட்டையைச் சேர்த்தால் இன்னும் கொஞ்சம் கழியும், கூடையில் போட்டுவிட்டு நாலு நாள் சும்மா இருந்தால் அவர்களே கூப்பன் அனுப்புவார்கள், எல்லாம் எனக்கு அத்துப்படி. பணமில்லாதவளுக்கு இதெல்லாம் தெரிந்துதானே ஆக வேண்டும். ஒருநாள் ஆய்வகத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, அந்தக் கடையில் மாணவர்களுக்கு லேப்டாப் விலையில் பன்னிரண்டாயிரம் குறைக்கிறார்கள் மேடம், என் லேப்டாப் செத்துக்கொண்டிருக்கிறது, உதவித்தொகை பாக்கி வந்ததும் வாங்கப்போகிறேன் என்று நானே உளறினேன். மேடம் டீயை ஊதிக்கொண்டே "அப்படியா, ஒரு ஆளுக்கு எத்தனை தருவான்?" என்று கேட்டார். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டாமா? "ஒரு மாணவருக்கு ஒரு கல்வியாண்டுக்கு ஒண்ணுதான் மேடம்" என்று விளக்கம் வேறு கொடுத்தேன், வகுப்பில் பதில் தெரிந்த பிள்ளையைப் போல. நேற்றுச் சாயங்காலம் போன். "செண்பகா, நாளைக்குக் காலைல ஒரு எட்டு வீட்டுக்கு வந்துடு, உன் ஐடி கார்டை எடுத்துக்கோ." "மேடம், அது ஒண்ணுதானே, நான் எனக்கு..." "உனக்குத்தான் ஒண்ணு இருக்கேம்மா." இருக்கிறது. திரையில் மேலிருந்து கீழே ஒரு பச்சைக்கோடு, மூடியின் கீல் உடைந்து செங்கல் முட்டுக்கொடுத்து நிற்கிறது, மின்சாரம் போனால் அந்த நொடியே அணைந்துவிடும், ஐந்தாம் அதிகாரத்தின் படங்களை அது இரண்டு முறை விழுங்கியிருக்கிறது. எனக்குத்தான் ஒன்று இருக்கிறதே.

"சரிங்க மேடம்" என்றுதான் சொன்னேன். ஏன் சொன்னேன் என்பது அதோ, டிவிக்குப் பக்கத்திலுள்ள கண்ணாடி ஷோகேஸில், சுழல் கோப்பைக்கும் கல்யாண போட்டோவுக்கும் நடுவே இருக்கிறது. என் ஆய்வேடு. ஆடி மாதம் கொண்டுவந்து கொடுத்தேன், மேல்பக்கம் மடங்காமலிருக்க நீலக் கிளிப் போட்டு, குறுக்கே இரண்டு ரப்பர் பேண்டு போட்டு. நீலக் கிளிப் அதே இடத்தில் இருக்கிறது. ரப்பர் பேண்டுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் குறுக்காகக் கிடந்தன, அப்படியேதான் கிடக்கின்றன. ஒரு பக்கம்கூடப் புரளவில்லை. "படிச்சிட்டே இருக்கேம்மா, கடைசி அதிகாரம்தான்" என்று புரட்டாசி தொடங்கும்போது சொன்னார். "படிச்சு முடிச்சிட்டேன், நல்லா வந்திருக்கு, கையெழுத்து மட்டும்தான், தீபாவளி முடியட்டும்" என்று போன வாரம் சொன்னார். நல்லா வந்திருக்கு! நான் அன்று முழுக்க அந்த வார்த்தையை வாயில் போட்டுச் சப்பிக்கொண்டு திரிந்தேன், கோவில்பட்டிக்குப் போன் போட்டு அம்மாவிடமும் சொன்னேன். அம்மா அங்கன்வாடியில் டீச்சர், ஆய்வேடு என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியாது, கையெழுத்து என்றால் தெரியும். தினமும் சாயங்காலம் அவளுக்கு ஒரே கேள்விதான், "கையெழுத்து போட்டாச்சாட்டி?" வழிகாட்டி கையெழுத்துப் போடாவிட்டால் ஆய்வேடு வெறும் காகிதம். பதிவுக்காலம் ஏற்கெனவே ஒரு தடவை நீட்டியாகிவிட்டது. வழிகாட்டியை மாற்றக் கேட்டு எழுதிக்கொடுத்தால் ஏன் என்று கூப்பிட்டு விசாரிப்பார்கள், யாரும் என்னை எடுக்கமாட்டார்கள், அவள் தகராறு பிடித்தவள் என்பார்கள், அப்புறம் ஒரு வருடம், அப்புறம் இன்னொரு வருடம். அதனால் சரிங்க மேடம். அதனால் கன்னத்துக்குப் பக்கத்தில் கார்டு.

ஜெபராஜ் அண்ணன் சொல்வார். எனக்கு முன்னால் மேடத்திடம் ஆராய்ச்சி செய்தவர், சாகித்யாவின் ஸ்கூட்டரைச் சர்வீசுக்கு விட்டவர், மேடத்துக்கு ரேஷன் கார்டில் பெயர் திருத்த தாலுகா ஆபீசில் வரிசையில் நின்றவர். "அவங்க கோவப்பட்டா நமக்கு ஒரு வருஷம் போகும் செண்பகா, நாம கோவப்பட்டாலும் நமக்குத்தான் ஒரு வருஷம் போகும்." ஒருநாள் அவர் கோபப்பட்டார். இப்போது ஒரு கோச்சிங் சென்டரில் மருத்துவ நுழைவுத்தேர்வுக்கு விலங்கியல் நடத்துகிறார், டாக்டர் பட்டம் இல்லாமல். அவர் போன பிறகு அந்த வேலையெல்லாம் எனக்கு வந்தது. வங்கிக்குப் போனேன், வெந்தயக்கீரை வாங்கிவந்தேன், மேடம் பேசப்போகும் கருத்தரங்குகளுக்கெல்லாம் ஸ்லைடு செய்தேன், மேடம் பெயர் முதலிலும் என் பெயர் அடுத்ததாகவும் போட்டுக் கட்டுரைகள் எழுதினேன். அதற்கெல்லாம் எனக்குக் கோபம் வரவில்லையா? வந்தது, காது சுட்டது, பல்லை நெருடினேன், சிரித்தேன். பிறகு எனக்கு டெங்கு வந்தபோது மேடம் தன் வீட்டுக்காரர் சாரிடம் நிலவேம்புக் கஷாயமும் கஞ்சியும் கொடுத்துவிட்டார், விடுதி வார்டனைக் கூப்பிட்டு என் பிள்ளையை நல்லாப் பாத்துக்கோங்க என்றார், இதையும் சொல்லத்தானே வேண்டும். சொல்லும்போதே எரிகிறது. கோபத்தை ஒழுங்காக ஒரு கோபமாக வைத்துக்கொள்ளக்கூட விடமாட்டேன் என்கிறார்களே, நடுவில் ஒரு தூக்குக் கஞ்சியைக் கொண்டுவந்து வைத்துவிடுகிறார்களே.

"இந்தா, காப்பி." மேடம் வந்து மேசையில் வைத்துவிட்டுப் போகிறார். புளியோதரைக்கு வறுத்த மல்லி மிளகாய் வாசம் சேலையோடு வந்து சேலையோடு போகிறது, புரட்டாசிச் சனிக்கிழமை, பெருமாளுக்குப் படைக்க வேண்டுமாம். காப்பி பேப்பர் கப்பில். சோபாவில் செய்தித்தாளோடு உட்கார்ந்திருக்கும் சார், மின்வாரியத்திலிருந்து ஓய்வு பெற்றவர், அவருக்கு டம்ளர் டவராவில். எனக்கு எப்போதும் பேப்பர் கப். ஸ்டூடண்ட்ஸ் வந்தா கழுவி மாளலைம்மா என்று முதல் தடவை சொன்னார், நான் நம்பினேன், வீட்டில் வேலைக்கு வரும் அக்காவுக்கும் அதே பேப்பர் கப்தான் என்று ஒருநாள் பார்த்தேன், மேடத்தின் பக்கத்து வீட்டு மாமி வந்தபோது டம்ளர் என்று இன்னொருநாள் பார்த்தேன். ஐந்து வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன், என்னிடம்தான், மாணவி என்பதாலா, கோவில்பட்டியில் எங்கள் தெருவின் பெயரை முதல்நாளே அவ்வளவு அக்கறையாகக் கேட்டுத் தெரிந்துகொண்டதாலா. விடை தெரியாது. தெரியாமலிருப்பதுதான் ரொம்பக் கேவலம், தெரிந்தால் நேராகக் கோபப்படலாமே. காப்பி நன்றாகத்தான் இருக்கிறது. அதுவும் எரிச்சல். "இன்னுமா வரலை? மறுபடி அனுப்பச் சொல்லும்மா, டவர் இருக்கான்னு பாரு." "சரிங்க மேடம்." மறுபடி அனுப்பு என்ற எழுத்தின் மேல் அழுத்துகிறேன். மடியில் போன் உதறுகிறது. புது எண்கள். பழையவை செத்துவிட்டன. இதையும் கொல்லலாம். எத்தனை தடவை கொல்ல முடியும்? மூன்று தடவைக்கு மேல் போனால் நாளைக்கு முயற்சி செய்யுங்கள் என்பான், நாளைக்கு மறுபடி வரச்சொல்வார்கள்.

பேசாமல் கொடுத்துவிட்டுப் போய்விடலாம். பன்னிரண்டாயிரம், எனக்கு அது விடுதி அறையும் மெஸ்ஸும் சேர்ந்து இரண்டு மாதம், சலுகையில்லாமல் அந்த லேப்டாப்பை என்னால் வாங்க முடியாது, வாங்காவிட்டால் என்ன, பச்சைக்கோட்டோடு இன்னும் கொஞ்சநாள் ஓட்டலாம், வாய்மொழித் தேர்வு வரை ஓடினால் போதும். இப்படித்தான் ஒவ்வொரு தடவையும். இன்னும் கொஞ்சநாள். ஆய்வுக்காகப் புன்னைக்காயலில் கழிமுகத்துச் சேற்றில் நிற்கும்போதும் இதைத்தான் சொல்லிக்கொள்வேன், இன்னும் கொஞ்சநேரம், கடல்நீர் உள்வாங்கியிருக்கும் வற்றம் முடிவதற்குள் இன்னும் ஒரு கட்டம் எண்ணிவிடலாம். முழங்கால் வரை சேறு, கறுத்த சேறு, அழுகிய முட்டை நாற்றம், காலை உருவினால் செருப்பை உள்ளேயே வைத்துக்கொள்ளும். ஆனால் அசையாமல் நின்றால், ரொம்பநேரம் அசையாமல் நின்றால், வளைகளிலிருந்து அவை வரும். ஒரு கொடுக்கு மட்டும் உடம்பைவிடப் பெரிதாக இருக்கும் சின்ன நண்டுகள், ஆண்கள், ஆயிரக்கணக்கில், எல்லாம் ஒரே நேரத்தில் அந்தப் பெரிய கொடுக்கைத் தூக்கித் தூக்கி ஆட்டும், சேறு முழுக்க யாரோ கையசைத்துக் கூப்பிடுவதைப் போலிருக்கும். வலை காயப்போட வந்த ஒரு அக்கா கேட்டாள், "இத அளந்து என்ன செய்யப் போற பிள்ள, இது கொழம்புக்கும் ஆவாதே." நான் சிரித்தேன், இந்தச் சிரிப்பு இல்லை, வேறு சிரிப்பு. உப்பளக் கழிவுநீர் வந்து விழும் வாய்க்காலுக்குப் பக்கத்தில் அவை குறைந்துகொண்டே வருகின்றன, கொடுக்குகளும் சிறுத்துக்கொண்டே வருகின்றன, அதைத்தான் நான் ஐந்து வருடமாக அளந்தேன், அதைத்தான் எழுதினேன், அது அந்த நீலக் கிளிப்புக்குள் இருக்கிறது. படித்திருந்தால் ஒரு கேள்வியாவது கேட்டிருக்க மாட்டாரா? ஏன் நடுவில் ஒரு வருடம் மட்டும் எண்ணிக்கை ஏறியது என்று ஒரே ஒரு கேள்வி? நான் அதற்குப் பதில் தயாராக வைத்திருந்தேனே. ஆடியிலிருந்து வைத்திருக்கிறேனே. எனக்கு இந்த லேப்டாப்பின் மேல்கூட இல்லை கோபம். அந்தக் கேள்வியின் மேல். கேட்கப்படாத அந்த ஒரு கேள்வியின் மேல்.

மேடம் திரும்ப வருகிறார், கையில் போன், வீடியோ காலில் மகளும் மாப்பிள்ளையும். "இரு இரு, லேப்டாப்ல காட்டறேன், கலர் நீங்களே பாத்துச் சொல்லுங்க மாப்ளே" என்று போனைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைக்கிறார். பெங்களூர் வெளிச்சத்தில் இரண்டு முகங்கள். "ஹாய் செண்பகாக்கா" என்கிறாள் சாகித்யா. "சில்வர் ஓகே அத்தை" என்கிறான் மாப்பிள்ளை. மேடம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து விரலைக் கட்டங்களின் மேல் வைத்துக்கொண்டு என்னைப் பார்க்காமலே கேட்கிறார், "வந்துச்சா?" விரல் காத்திருக்கிறது. மோதிர விரலில் மல்லிப்பொடி ஒட்டியிருக்கிறது. எனக்குக் காது சுடுகிறது. நாக்கு பல்லுக்குப் போகிறது. இப்போது சிரிப்பேன், எப்போதும்போல இப்போது சிரித்துவிட்டு எண்களைச் சொல்லிவிடுவேன் என்று காத்திருக்கிறேன், எனக்கே காத்திருக்கிறேன், சிரிப்பு வரவில்லை. "வந்துடுச்சு மேடம்." "சொல்லு." "தர மாட்டேன் மேடம்." யார் குரல் இது. மேடத்தின் விரல் அங்கேயே நிற்கிறது. "என்னது?" "தர மாட்டேன் மேடம். அது எனக்கு வேணும். வருஷத்துக்கு ஒண்ணுதான் தருவாங்க, அதை நான் எனக்கு வாங்கணும். நான்தான் ஸ்டூடண்ட்." கடைசி வார்த்தையில் குரல் உடைந்து கத்தலாகிவிட்டது. சார் செய்தித்தாளை இறக்கினார். வறுத்த மல்லியின் வாசம் திடீரென்று ரொம்ப அதிகமாக இருந்தது.

செம்பில் சாய்ந்திருந்த போனிலிருந்து முதலில் மாப்பிள்ளைதான் பேசினான். "அத்தை, ஸ்டூடண்ட் டிஸ்கவுண்ட்லயா வாங்கறீங்க?" சிரித்தபடிதான் கேட்டான், கேலியா சங்கடமா தெரியவில்லை, ஆனால் மேடத்தின் முகம் அதைக் கேட்டதும் மாறியது, நான் சொன்னதற்கு மாறாத முகம். "அம்மா, என்னம்மா இது, எங்ககிட்ட சொல்லியிருக்கலாம்ல" என்றாள் சாகித்யா. "அதெல்லாம் ஒண்ணுமில்லடா, அவளா வந்து ஆஃபர் இருக்குன்னு சொன்னா, சரின்னு பாத்தோம்" என்றார் மேடம். அவளா வந்து! "எவ்வளவு வித்தியாசம்?" சோபாவிலிருந்து சார். "பன்னெண்டாயிரம்" என்றார் மேடம். "அவ்வளவுதானா? நம்ம விலைக்கே போட்டுடு, இதுக்குப் போய்..." என்று சார் செய்தித்தாளை மறுபடி தூக்கிக்கொண்டார். அவ்வளவுதானா. மேடம் அந்தப் பக்கத்தை மூடினார், பையை மாட்டிக்கொண்டு சிரித்த பெண் போனாள், வேறொரு பக்கம் வந்தது, முழுவிலை, அட்டை எண், ஒரு அழுத்து, அவ்வளவுதான், காப்பி ஆறுவதற்குள் மாப்பிள்ளைக்கு லேப்டாப் வாங்கியாகிவிட்டது. இல்லாமையால் கேட்கிறார்கள் என்று ஒருநாளும் நான் நினைக்கவில்லை, ஆனாலும் ஏதோ ஒரு தேவை இருக்கும், கொஞ்சமாவது கனம் இருக்கும் என்று நினைத்திருந்தேன் போல. ஒன்றுமில்லை. என்னுடைய இரண்டு மாதம் அவர்களுக்கு ஒரு செய்தித்தாளை இறக்கி ஏற்றும் நேரம். கிடைக்கிறது என்பதால் எடுத்தார்கள். கீரையையும் ஸ்லைடையும் கட்டுரையின் முதல் பெயரையும் அப்படித்தான் எடுத்தார்கள்.

எழுந்துவிட்டேன். எழுந்தது போவதற்காகத்தான், கால் ஷோகேஸ் பக்கம் போயிற்று. கண்ணாடியை நகர்த்தி ஆய்வேட்டை எடுத்துக்கொண்டு வந்து மேசையில் வைத்தேன், போனுக்கு முன்னால். "மேடம், படிச்சு முடிச்சிட்டேன், கையெழுத்து மட்டும்தான் பாக்கின்னு போன வாரம் சொன்னீங்க. இப்பப் போட்டுடுங்க." நான் திட்டம் போட்டுச் செய்யவில்லை, மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறான் என்பது வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. மேடத்துக்கு எனக்கு முன்னாலேயே உறைத்துவிட்டது. இன்னும் படிக்கவில்லை என்று இப்போது சொல்ல முடியாது, படித்தேன் போடமாட்டேன் என்றும் சொல்ல முடியாது. "பேனா எங்கே" என்றார். என் பேனாவைக் கொடுத்தேன். ரப்பர் பேண்டை இழுத்தபோது ஒன்று காய்ந்துபோய் அறுந்தது. "எங்கே போடணும்?" காட்டினேன். எனது வழிகாட்டுதலில் இவரால் செய்யப்பட்ட அசல் ஆய்வு என்று நான் சான்றளிக்கிறேன் என்பதற்குக் கீழே, சின்னக் கோடு போட்டிருந்த இடத்தில், வாசலில் பார்சல் வாங்குகிறவர்கள் கிறுக்குவதைப் போல ஒரு கிறுக்கல். தேதி போட்டார். மூடி என் பக்கம் தள்ளினார். ஒரு பக்கம், மேடம், ஒரே ஒரு பக்கம் திருப்பிப் பார்த்திருக்கலாம், மாப்பிள்ளைக்குக் காட்டுவதற்காகவாவது. "உனக்கு எவ்வளவு செஞ்சிருக்கேன் செண்பகா" என்றார், சத்தமில்லாமல், போனைக் கவிழ்த்துவைத்துவிட்டு. "கஞ்சி கொடுத்து விட்டீங்க மேடம், மறக்கலை" என்றேன். நிஜமாகத்தான் சொன்னேன். அவர் அதைக் குத்தலாக எடுத்துக்கொண்டார், "போ" என்றார். செருப்பைப் போட நிற்கவில்லை, கையில் எடுத்துக்கொண்டு படி இறங்கினேன்.

பேருந்து நிறுத்தத்தில் நிழலில்லை. ஆய்வேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு ஒற்றைக் கையால் போனில் என் கூடையைத் திறந்தேன், ஒரு மாதமாக அங்கேயே காத்திருந்த லேப்டாப், மேடம் பார்த்ததைவிட ரொம்பத் தாழ்ந்த ரகம், மறுபடியும் ஈமெயில், மறுபடியும் ஓடிபி, போட்டேன். நீங்கள் தற்போது மாணவராகப் பயில்கிறீர்களா என்று கடைசியாகக் கேட்டான். ஆம். இன்னும் சில மாதம், ஆம். போன வாரம் வந்த உதவித்தொகை பாக்கியிலிருந்து பணம் கட்டினேன். சந்தோஷம் வரும் என்று நின்றேன். வரவில்லை, காது இன்னும் சுட்டுக்கொண்டிருந்தது. திங்கட்கிழமை துறையில் என்ன பேசுவார்கள், வாய்மொழித் தேர்வுக்கு வெளியிலிருந்து வருகிற தேர்வாளரிடம் மேடம் என்ன சொல்லிவைப்பார், பயம் வந்தது, ஆனால் அது கோபத்துக்குப் பின்னால்தான் வந்தது, இத்தனை வருடமும் முன்னால் வந்துகொண்டிருந்தது. அம்மாவைக் கூப்பிட்டேன். "போட்டாச்சும்மா." "போட்டாச்சாட்டி! பெருமாளே! எப்பட்டி, இன்னைக்கு சனிக்கிழமையில்லா?" "வீட்டுல வெச்சுப் போட்டாங்க." "ஏன் கொரலு ஒரு மாதிரி இருக்கு? அழுதியா?" "இல்லம்மா, கோவமா வருது. படிக்கவே இல்லம்மா அவங்க. ஒரு பக்கம்கூட. எவ்வளவு கோவம் வருது தெரியுமா." "எல்லாம் முடிஞ்சதுக்கப்புறம் என்னட்டி கோவம்?" "முன்னாடி பட முடியாதுல்லாம்மா." பின்னால் அங்கன்வாடிப் பிள்ளைகள் ஏதோ சத்தம் போட்டன, ஏ சும்மா இருங்க என்று அம்மா அதட்டினாள். பிறகு, "சரி, நல்லாக் கோவப்படு. சாப்பிட்டுட்டு கோவப்படு" என்றாள்.

ரயில்வே சந்திப்புக்குப் போகும் பேருந்து வந்தது, ஏறவில்லை. எதிர்ச்சாரியில் ஒரு ஓட்டல், உள்ளே போய் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தேன். "ரெண்டு இட்லி ஒரு வடை, சாம்பார் நிறைய விடுங்க" என்றேன், அதட்டலாகச் சொல்லிவிட்டேன் போல, பரிமாறுகிறவர் ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார். மேசையைத் துடைத்த ஈரம் காய்ந்த பிறகு ஆய்வேட்டை எடுத்து வைத்து நீலக் கிளிப்பைக் கழற்றினேன். யாராவது ஒருவர் படிக்க வேண்டாமா? முதல் பக்கத்திலிருந்து தொடங்கினேன், நான் எழுதியதாக நினைக்காமல், எனக்குத் தெரியாத ஒரு பிள்ளை கொண்டுவந்து கொடுத்ததாக நினைத்துக்கொண்டு, ஒவ்வொரு வரியாக. கழிமுகம், வற்றம், சேற்றின் உப்பு. நன்றாகத்தான் எழுதியிருக்கிறாள். நாலாம் பக்கத்தில் ஒரு அட்டவணை, கூட்டுத்தொகை ஓரிடத்தில் இடறுகிறது, மறுபடி கூட்டிப் பார்த்தேன், ஆமாம், தப்பு. ஆடியிலிருந்து இருக்கிற தப்பு. இட்லி வந்தது. தட்டை இடதுபக்கம் தள்ளி வைத்துவிட்டு, பேனாவை எடுத்து அந்த எண்ணைச் சுற்றி ஒரு வட்டம் போட்டேன், ஓரத்தில் ஏன் என்று எழுதினேன், அடுத்த பக்கத்தைத் திருப்பினேன்.